மார்த்தாண்டம் பக்கம் 10 சென்ட் வீட்டில் சிப்பிப்பாறை நாய் வளர்க்கலாமா? அதன் குணம், பராமரிப்பு எப்படி?

வளர்க்கலாம். ஆனால் கூண்டில் அடைத்தோ நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டியோ வைப்பதாக இருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறைதான் இதற்குப் பெயர் தந்த ஊர். மோப்பத்தை விடக் கண்ணை நம்பி, பார்த்த நொடியே பாய்ந்து முயலைப் பிடிக்கிற இனம். இன்று முயல் வேட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதனால் அந்த ஓட்டத்தை நாம்தான் வேறு வழியில் கொடுக்க வேண்டும். 10 சென்ட் போதாது. தெரிந்தவர்களுடைய வேலி போட்ட விளை (தோட்டம்) எதிலாவது காலையும் மாலையும் அவிழ்த்துவிடுங்கள். முள்கம்பி வேலி என்றால் கவனம், தோல் ரொம்ப மெல்லிசு, சட்டென்று கிழியும். சாலையில் அவிழ்க்கவே கூடாது, எதிரே ஒரு பூனை ஓடினால் நீங்கள் கத்துவதும் கேட்காது, வருகிற லாரியும் தெரியாது.

நீண்ட முகம், இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு, உயரம் 2 அடி அளவுக்கு. செவலை, சாம்பல் என்று நிறம் பல. கருப்பு உடம்பில் கண்ணுக்கு மேல் பழுப்புப் பொட்டு இருந்தால் அதைக் கன்னி என்பார்கள். கடைசி விலா எலும்புகள் லேசாகத் தெரிவதுதான் இதற்கு ஆரோக்கியம். "நாயைப் பட்டினி போடுறியா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள், அதற்காகச் சோற்றைக் கொட்டிக் கொழுக்க வைக்காதீர்கள். உப்பு, மிளகாய் போடாமல் வேகவைத்து முள் எடுத்த சாளை மீன், முட்டை, கொஞ்சம் சோறு போதும். வயிறு நிறைந்ததும் ஓட விடாதீர்கள்.

குணத்தில் அமைதி. வீட்டில் ஒருவரோடுதான் உயிராக ஒட்டும், அந்நியரிடம் விலகியே நிற்கும், அடித்துப் பழக்கினால் ஒடுங்கிப் போகும். கோழி வளர்க்கிற வீடு என்றால் குட்டியிலேயே பழக்கினாலும் முழுதாக நம்பிவிட முடியாது.

நம் குமரி மாவட்டத்தில் எனக்குப் பெரிய கவலை மழைதான். வறண்ட பூமி நாய், நமக்கோ ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நனைந்தால் விரலிடுக்கு வரை துடைத்து, தரையில் படுக்க விடாமல் பலகையோ சாக்கோ போடுங்கள். விளைக்குப் போய் வந்ததும் காது, கக்கம் எல்லாம் உண்ணி பாருங்கள், உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தம் குறைந்து சுருண்டுவிடும். வெறிநாய்க்கடி, பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசிகளோடு எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் ஏதாவது அறுவை சிகிச்சை என்றால், இது கொழுப்பே இல்லாத வேட்டை நாய் என்று மயக்க ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சில மயக்க மருந்துகள் இந்த உடல்வாகு நாய்களுக்குச் சீக்கிரம் தெளியாது.