ஒரு வாரம் நிறுத்தியும் அரிப்பு குறையல, அப்போ கண்டிஷனர் காரணம் இல்லையா?

கேள்வி: டாக்டர் வணக்கம். நாலு மாசம் முன்னாடி துணிக்கு ஊத்துற கண்டிஷனர மாத்தினோம். பீரோல வெச்ச துணிய ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தாலும் வாசனை அப்படியே இருக்கு. அதுல இருந்து என் 7 வயசு பையனுக்கு கழுத்து, அக்குள் ஓரம், இடுப்புல எல்லாம் அரிப்பும் தடிப்பும். மாமனாருக்கு ஏற்கனவே ஆஸ்துமா, போர்வைய உதறினாலே இருமல் வந்துடுது. ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தோம், மாற்றம் இல்ல. வாசனைய மைக்ரோகேப்சூல்ல அடைச்சு வெச்சிருக்காங்க, அது பிளாஸ்டிக், நுரையீரல்ல போய் ஒட்டிக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நிஜமா?

பதில்: வணக்கம்மா. முதல்ல அந்த ஒரு வாரத்த பத்தி சொல்லிடறேன், ஏன்னா அத வெச்சு நீங்க தப்பான முடிவுக்கு போயிடுவீங்க. நீங்க பாட்டில நிறுத்தினீங்க, ஆனா துணில இருக்கிறது நிக்கல.

இந்த கேப்சூல் கிட்டத்தட்ட கொழுக்கட்டை மாதிரிதான், உள்ள பூரணத்துக்கு பதிலா வாசனை எண்ணெய், வெளிய மெல்லிசா ஒரு பாலிமர் (பிளாஸ்டிக் மாதிரி) ஓடு. சைஸ் சாதாரணமா 10-லிருந்து 30 மைக்ரான், அதாவது தலைமுடி தடிமன்ல பாதி கூட இருக்காது. வெறும் ஓடு மட்டும் இருந்தா அலசுற தண்ணியோட முக்கால்வாசி போயிடும், அதனால ஓட்டுக்கு மேல பாசிட்டிவ் சார்ஜ் உள்ள இன்னொரு பூச்சு குடுப்பாங்க, தண்ணில நனைஞ்ச பருத்தி நூலுக்கு நெகட்டிவ் சார்ஜ், ரெண்டும் ஒட்டிக்கும். அப்புறம் துணி காஞ்சு, மடிச்சு, நீங்க போட்டு கை கால ஆட்டும்போது உரசி உரசி ஒண்ணொண்ணா உடையும். டவல்ல முகத்த அழுத்தி தொடைச்சா திடீர்னு வாசனை தூக்கும் பாருங்க, அது இதுதான். கார்பன் பேப்பர் வைக்காம ரெண்டு காப்பி விழுற பில் புக்குக்காக 1950கள்ல அமெரிக்கால என்சிஆர் கம்பெனி கொண்டு வந்த டெக்னிக் இது, அங்க பேனா அழுத்தத்துல சாயம் உடையும், இங்க வாசனை.

இப்ப யோசிங்க, உரசல் ஜாஸ்தி எங்க? காலர், அக்குள் ஓரம், இடுப்பு எலாஸ்டிக். உங்க பையனுக்கு எங்கெங்க தடிப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதோட வேர்வையும் சேருது. இத வெச்சு கண்டிஷனர்தான்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், பார்க்காம சொல்லவும் கூடாது, ஆனா சந்தேகப்பட்டது சரிதான்.

சோதனைய ஒழுங்கா பண்ணலாம். ஒரு தடவ துவைச்சா இந்த கேப்சூல் முழுசா போகாது, பல தடவ துவைக்கணும், அதுவரைக்கும் பக்கத்துல அடுக்கின துணிக்கும் வாசனை ஏறிட்டே இருக்கும். அதனால பையனுக்கு புதுசா மூணு நாலு காட்டன் பனியன், ஜட்டி, ஒரு தலையணை உறை, ஒரு டவல் வாங்கி, வாசனை சேர்க்காத சோப்புல தனி பக்கெட்ல கையால துவைச்சு, தனியா வைங்க, அதே மெஷின்ல போடாதீங்க (கண்டிஷனர் ஊத்துற அந்த ட்ரேல பிசுபிசுன்னு ஒட்டியிருக்கும், கை விட்டு பாருங்க). யூனிஃபார்ம் மாத்த முடியாது, அத துணி தாங்குற அளவுக்கு வெந்நீர்ல நாலஞ்சு தடவ துவைங்க, உள்ள பனியன் போட்டு விடுங்க. இப்படி நாலு வாரம். கான்டாக்ட் அலர்ஜின்னா, அதாவது தோல்ல படுற பொருளால வர்ற அலர்ஜின்னா, காரணத்த எடுத்த பிறகும் தோல் அடங்க ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும், ஒரு வாரத்துல குறையலன்னா அதுக்கு அர்த்தமே இல்ல.

சோப்பு வாங்கும்போது ‘பேபி’, ‘ஹெர்பல்’னு இருக்கிறத நம்பி வாங்காதீங்க. தோலுக்கு ஒத்துக்காம போறது பெரும்பாலும் உள்ள இருக்கிற வாசனைப் பொருள்தான், லிமோனீன், லினலூல் ரெண்டும் எலுமிச்சைத் தோல்லயும் லாவண்டர்லயும் இயற்கையாவே இருக்கு, காத்து பட்டு ஆக்சிடைஸ் ஆனா நல்லாவே அலர்ஜி குடுக்கும். துவைக்கிற லிக்விட் கெட்டுப்போகாம இருக்க போடுற ஐசோதயசோலினோன் வகை பிரிசர்வேட்டிவும் அதே மாதிரி.

மெடிக்கல் ஷாப்ல கேட்டு எதாவது ட்யூப் வாங்கி போட்டுட்டு இருந்தீங்கன்னா இன்னிக்கே நிறுத்துங்க. நம்ம ஊர்ல ஸ்டீராய்டு கலந்த க்ரீம மிட்டாய் மாதிரி விக்கிறாங்க, அது படர்தாமரையா இருந்தா முதல்ல அடங்குற மாதிரி காட்டி அப்புறம் பரவிடும். ஓரம் மட்டும் வளையமா தூக்கி, நடுவுல தெளிஞ்ச மாதிரி இருக்கான்னு பாருங்க, இருந்தா நாலு வாரமெல்லாம் காத்திருக்காம ஸ்கின் டாக்டர்கிட்ட போங்க.

இப்ப வாட்ஸ்அப் விஷயம். மூச்சுக்குழாயோட அடி வரைக்கும் போகணும்னா துகள் சுமார் 5 மைக்ரானுக்குள்ள இருக்கணும். முழு கேப்சூல் அதவிட பெருசு, மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும். உடைஞ்ச துண்டு இன்னும் சின்னதா இருக்கலாம், ஆனா அது நுரையீரல்ல ஒட்டி நோய் குடுக்குதுன்னு சொல்ல ஆதாரம் நான் பார்க்கல. பழைய வகை ஓடு மெலமைன் ஃபார்மால்டிஹைட்ங்கிற பிளாஸ்டிக்ல பண்றது, அதுல துளி ஃபார்மால்டிஹைட் மிச்சம் இருக்கலாம், அது தோல் அலர்ஜி குடுக்கிற பொருள். கேன்சர் பேச்சும் அதுலேர்ந்துதான் கிளம்புது, ஆனா அந்த ஆபத்து முக்கியமா தொழிற்சாலை மாதிரி இடத்துல வருஷக்கணக்கா நிறைய சுவாசிச்சவங்ககிட்ட பார்த்தது. ஐரோப்பிய யூனியன் 2023-ல மைக்ரோபிளாஸ்டிக் தடை கொண்டு வந்து, மக்காத ஓடு போட்ட வாசனை கேப்சூலுக்கு 2029 அக்டோபர் வரைக்கும் டைம் குடுத்திருக்கு, அது ஆத்துலயும் கடல்லயும் சேருதுங்கிறதுக்காக.

மாமனார் கதை வேற. அவருக்கு பிரச்சனை அலர்ஜிய விட எரிச்சல், ஏற்கனவே சென்சிட்டிவா இருக்கிற மூச்சுக்குழாய் எந்த கடுமையான வாசனைக்கும் சுருங்கும், போர்வை உதறும்போது கேப்சூலும் உடையும் தூசியும் பறக்கும். அவர் போர்வை, தலையணை உறைக்கும் கண்டிஷனர் வேண்டாம். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி அந்த ரூம்ல ஏத்துறீங்களான்னு நீங்க எழுதல, ஏத்தினா அதையும் நிறுத்தணும், இல்லன்னா பழிய கண்டிஷனர் மேல மட்டும் போட்டுட்டு இருப்போம். தினமும் எடுக்கிற இன்ஹேலர ‘இப்ப நல்லாதானே இருக்கேன்’னு அவரா விட்டுட வேண்டாம். ஒரு முழு வாக்கியம் பேச முடியாம மூச்சு வாங்கினா, உதடு நீலமானா, உடனே எமர்ஜென்சி.

நாலு வாரத்துலயும் பையனுக்கு குறையலன்னா பேட்ச் டெஸ்ட் கேளுங்க. சந்தேகப்படுற பொருள்கள துளித்துளியா முதுகுல ஒட்டி 48 மணி நேரம் நனைக்காம வெச்சு, எடுத்தப்ப ஒரு தடவ, நாலாவது நாள் வாக்குல ஒரு தடவ பார்ப்பாங்க. ரத்தத்துல எடுக்கிற அலர்ஜி பேனலுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணாதீங்க, இந்த வகை அலர்ஜி அதுல தெரியாது. போகும்போது கண்டிஷனர், லிக்விட், சோப்பு மூணோட லேபிளயும் போட்டோ எடுத்துட்டு போங்க.