ஒரு பாக்கெட் விதை போட்டு ஹால் ஜன்னல்ல வளர்க்கிறேன், அடிப்பக்கம் குண்டா இருக்கு, தினமும் ஒரு டம்ளர் தண்ணி ஊத்துறேன், ஒன்றரை வருஷமாச்சு பூக்கல. இது என்ன செடி, எப்படி பாத்துக்கணும்?

விதை ரெண்டு முனையிலயும் பஞ்சு வச்ச சின்ன குச்சி மாதிரி இருந்துச்சு, இலையெல்லாம் கிளை நுனியில மட்டும் கொத்தா நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது போதும். இது அடீனியம் தான். நர்சரில டெசர்ட் ரோஸ்ம்பாங்க, ரோஜாவுக்கும் இதுக்கும் எந்த சொந்தமும் இல்ல, அரளி குடும்பம். சின்னதா இருக்கும்போது சில பேர் ப்ளூமேரியான்னு, அதாவது ஈழத்தலரின்னு நினைச்சுக்குவாங்க, ஆனா அதோட விதைக்கு ஒரு பக்கம் மட்டும் தட்டையா சிறகு இருக்கும், பஞ்சு இருக்காது.

அந்த குண்டு அடிப்பக்கம் தான் இதோட தண்ணி டேங்க். ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்து காய்ஞ்ச பூமியில இருந்து வந்த செடி, மழை இல்லாத மாசங்களுக்கு தண்ணிய தொந்தியில சேத்து வச்சுக்கும். விதையில இருந்து வந்தா தான் இந்த தொந்தி அழகா வரும், கிளைய வெட்டி நட்டா சுலபத்துல வராது, அதனால நீங்க நல்ல செடி தான் வச்சிருக்கீங்க.

நானும் பத்து விதை போட்டேன், அஞ்சாவது நாள்ல ஏழு முளைச்சுது, முளைக்கும்போதே குட்டியா உருண்டையா ஆசையா இருந்துச்சு. எங்கம்மா கறிவேப்பிலைக்கு ஊத்துற அரிசி கழுவுன தண்ணிய போற வழியில இதுக்கும் தினமும் ஒரு சொம்பு ஊத்திட்டே இருந்தாங்க, ஐப்பசி மழையும் சேந்துக்கிச்சு, இலை மஞ்சளாச்சு, நான் தண்ணி பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஊத்தினேன், ஒரு நாள் அடிய அமுக்கி பாத்தா பழுத்த கொய்யா மாதிரி விரல் உள்ள போகுது, ஒரு நாத்தம் வேற. நாலு செடி காலி. ஒண்ண மட்டும் அழுகுன பாகத்த வெள்ளை சதை தெரியுற வரைக்கும் செதுக்கி, மஞ்சத்தூள் தடவி, ஒரு வாரம் நிழல்ல காய வச்சு திரும்ப நட்டேன், பொழைச்சுக்கிச்சு.

அதனால தினமும் ஒரு டம்ளர் தண்ணிய மொதல்ல நிறுத்துங்க. மண்ணுக்குள்ள ரெண்டு இன்ச் விரல விட்டு பாருங்க, காய்ஞ்சிருந்தா மட்டும் நல்லா ஊத்துங்க, இல்லன்னா விட்ருங்க. அடி கல்லு மாதிரி இருந்தா செடிக்கு ஒண்ணும் இல்ல, வெயில் காலத்துல லேசா சுருங்கினா தாகம்னு அர்த்தம், பொதபொதன்னு ஆனா தான் ஆபத்து. மண்ணு பாதிக்கு மேல கரடுமுரடா இருக்கணும், கழுவுன மணல், உடைச்ச செங்கல், மீதிக்கு கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கொஞ்சம் மண்புழு உரமும், தொட்டில ஓட்டை கட்டாயம். தொட்டி மாத்தும்போது ஒரு இன்ச் மேல தூக்கி நட்டா தொந்தி வெளிய தெரியும், மாத்தினதும் ஒரு வாரம் தண்ணி காட்டாதீங்க.

பூக்காததுக்கு காரணம் உங்க ஹால் தான். இதுக்கு நேரடி வெயில் அஞ்சாறு மணி நேரமாவது வேணும், பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டு போங்க, ஆனா ஒரேடியா வைக்காம காலை வெயில்ல ஒரு வாரம் பழக்குங்க. பாக்கெட்ல இருந்த படத்த நம்பாதீங்க. எனக்கு போட்டோல கருஞ்சிவப்பு, பதினாலு மாசம் கழிச்சு வந்தது சாதா பிங்க், அம்மா "இதுக்கா இவ்ளோ ஆட்டம்"னாங்க. விதையில தாய்ச்செடி கலர் அப்படியே வராது, நர்சரிக்காரங்க அந்த கலரெல்லாம் ஒட்டு கட்டி தான் விக்கிறாங்க.

இலை ஒரே ராத்திரில காணாம போனா கீழ தேடுங்க, விரல் தடிமன்ல பச்சை புழு, தலைகிட்ட ரெண்டு நீலக் கண்ணு மாதிரி புள்ளி, அரளி தின்னுற அதே புழு, கையால எடுத்து போட்டா போதும். வெட்டும்போது வர்ற பால் விஷம், ஆப்பிரிக்கால அம்புல தடவுவாங்களாம், குழந்தை, பூனை இருந்தா உயரத்துல வைங்க, கைய சோப்பு போட்டு கழுவுங்க.

இடம் மாத்தினதும் நாலஞ்சு இலை கொட்டும். பயந்துபோய் தண்ணி ஊத்திடாதீங்க.