நுண்துளை உலோகத்தில் தசைநாண் ஒட்டுமா? கேள்வி பதில்

உடலுக்குள் வைக்கும் உலோகங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். நான் உலோகப் பொறியாளன், மருத்துவர் இல்லை. அதனால் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை மட்டும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி (பொறியியல் மாணவர்): இம்பிளான்டில் எதற்குத் துளைகள்? திண்மமான உலோகம்தானே வலு?

பதில்: உலோகத்துக்கு வலு, எலும்புக்கு இல்லை. டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாகச் சேரும் என்பதை 1950-களில் சுவீடன் ஆய்வாளர் பிரோனெமார்க் முயல்களில் கண்டார். மேலே சேர்வது ஒன்று, உள்ளே புகுந்து பின்னிக்கொள்வது வேறு. இழுவையைத் தாங்க இரண்டாவதுதான் வேண்டும். அதற்குத்தான் துளைகள்.

இப்படித் துளைகளோடு செய்யும் இன்னொரு உலோகம் டான்டலம். நுண்துளை டான்டலத்தைக் கையில் எடுத்தால் கறுஞ்சாம்பல் நிறமாக இருக்கும். வேட்டித் துணியில் லேசாக உரசினாலே நூலைப் பிடித்துக்கொள்ளும். கார்பனால் ஆன வலைக்கூட்டின் மேல் டான்டலத்தை ஆவி நிலையில் படியவைத்துச் செய்கிறார்கள். அதன் கனஅளவில் 75 முதல் 80 சதவீதம் வெற்றிடம். துளைகள் சுமார் 400 முதல் 600 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்); ஆப்பத்தின் துளைகள் மாதிரி மேலே மட்டும் இல்லாமல் உள்ளே ஒன்றுக்கொன்று வழி திறந்திருக்கும். ரத்தக்குழாய் அந்த வழியாகப் போனால்தான் எலும்பும் போகும். விறைப்பு சுமார் 3 கிகாபாஸ்கல். திண்மமான டைட்டானியக் கலவைக்கு அது 110. விறைப்பான உலோகம் பாரத்தையெல்லாம் தானே சுமந்துகொண்டால், பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலிந்துவிடும்.

கேள்வி (ஒரு தாய்): என் மகனுக்கு முட்டிக்குக் கீழே எலும்புப் புற்று. கட்டியை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். நடக்கிறான். ஆனால் உட்கார்ந்து காலை நீட்டச் சொன்னால் முழுக்க நீளவில்லை. மூட்டு சரியில்லையா?

பதில்: அம்மா, பெரும்பாலும் இது மூட்டின் குறை இல்லை. தொடைத் தசை சுருங்கினால் முட்டிச் சில்லு மேலே போகும். சில்லிலிருந்து இறங்கும் தசைநாண் (தசையின் இழுவையை எலும்புக்குக் கொண்டுசேர்க்கும் நார்ப்பட்டை), கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டை இழுக்கும். கால் நீளும். உங்கள் மகனுக்குக் கட்டியோடு அந்த மேட்டையும் எடுத்திருப்பார்கள். தசைநாண் நல்ல நிலையில் இருந்தும் பிடித்துக்கொள்ள எலும்பு இல்லை. அதனால்தான் தொடை இறுகுவது கண்ணுக்குத் தெரிகிறது, சில்லும் ஏறுகிறது, ஆனால் கடைசிச் சில டிகிரி மட்டும் குதிகால் எழுவதில்லை.

உலகம் முழுக்க எலும்புக் கட்டி மருத்துவர்கள் முட்டி மோதும் இடம் இது. வழக்கமாக உள்பக்கக் கெண்டைச் சதையை முன்னால் திருப்பி, உலோகத்தை மூடி, தசைநாணை அதில் தைப்பார்கள். ஜெர்மனியின் மூன்ஸ்டரில் உலோகத்தைச் சுற்றிப் பாலியெஸ்டர் வலைக்குழாய் போட்டு அதில் தைக்கும் முறையைப் பரவலாக்கினார்கள். எதுவானாலும் தழும்புத் திசுதான் கடைசியில் பிடிக்கிறது. அறுவை நன்றாக நடந்தவர்களுக்கும் சில டிகிரி குறை நிற்பதுண்டு.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எண்ணெய் போட்டு நீவி முட்டியை மடக்கிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் காலைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு மடக்கலாம் என்று அறுவை செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (கால்பந்து ஆடுபவர்): முட்டி ஜவ்வு கிழிந்திருக்கிறது. இந்த உலோகம் வைக்கலாமா?

பதில்: தேவையில்லை. உங்கள் சொந்தத் தசைநாணை எடுத்து எலும்புச் சுரங்கத்தில் வைப்பார்கள். சுற்றிலும் உயிருள்ள எலும்பு இருக்கும்போது உலோகத்துக்கு வேலை இல்லை.

கேள்வி (எலும்பியல் முதுநிலை மாணவர்): தழும்புதான் பிடிக்கும் என்று முடித்துவிட்டீர்கள். நாயின் தோள்பட்டைத் தசைநாணை நுண்துளை டான்டலத்தில் நேரடியாகக் கட்டி, திசு உள்ளே வளர்ந்ததை 2007-லேயே காட்டிவிட்டார்களே?

பதில்: காட்டினார்கள், நல்ல ஆய்வு. ஆனால் உள்ளே போனது நார்த்திசு, அதாவது தழும்பு மாதிரியான திசு. இயற்கையான பிடிப்பிடத்தில் நான்கு அடுக்குகள் உண்டு: தசைநாண், நார்க் குருத்தெலும்பு, சுண்ணம் ஏறிய குருத்தெலும்பு, எலும்பு. மென்மையிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக மாறுவதால்தான் இழுவை ஓரிடத்தில் குவிவதில்லை. உலோகத்தின் விளிம்பில் அந்தப் படிகள் கிடையாது.

கேள்வி (அதே மாணவர்): படிகள் இல்லாவிட்டால் என்ன? பிடித்தால் போதாதா? துளை அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பிரச்சினை தீரும்.

பதில்: தீராது. துளை அளவை வைத்தே கட்டுரைகள் குவிகின்றன. அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அசைவு என்ற கேள்வியைத் தொடுபவர்கள் குறைவு. 1986-இல் பில்லியர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் சொன்னது இன்னும் நிற்கிறது: உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே அசைவு 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்பு வளராது, நார்தான் வளரும். தசைநாணின் வேலையே இழுப்பது. ஆரம்ப வாரங்களில் தையல் தளர்ந்தால், துளை 400 ஆனாலும் 600 ஆனாலும் ஒன்றுதான்.

இன்னொன்று. அந்த நாய்கள் ஆரோக்கியமானவை. இங்கே படுத்திருப்பது கீமோ ஏறிக்கொண்டிருக்கும் பதின்வயதுப் பிள்ளை. புண் ஆறுவதே தாமதமாகும். அதனால் என் கட்சி இது: தசைநாணை வெறும் உலோகத்தில் தைக்காதீர்கள், நடுவில் எலும்பை வையுங்கள். கட்டி இல்லாத இடமாக இருந்தால் தசைநாணோடு ஒரு எலும்புத் துண்டையும் சேர்த்து எடுத்து, அதை நுண்துளைப் பரப்பில் இறுக்குங்கள். எலும்பு உலோகத்துக்குள் வளரட்டும். தசைநாண் தன் பழைய பிடியிலேயே இருக்கட்டும். கட்டி இருந்தால் அது முடியாது. அப்போது இடுப்பெலும்பிலிருந்து சிறு சிம்புகள் எடுத்து இடையில் அடுக்கலாம்.

கேள்வி (பலர்): எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: டைட்டானியமும் டான்டலமும் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை. படம் மட்டும் அந்த இடத்தில் சிதையும். இம்பிளான்ட் அட்டையை ஸ்கேன் மையத்தில் காட்டுங்கள்.

கேள்வி (3டி அச்சுக்கூடம் நடத்துபவர்): நாங்களே டைட்டானியத்தில் அச்சிடலாமா?

பதில்: அச்சிடுவது எளிது. துளைக்குள் சிக்கிய உருகாத தூளை முழுக்க வெளியேற்றுவதும், வெளியேறிவிட்டது என்று நிரூபிப்பதும்தான் கடினம். நிரூபிக்க முடியாவிட்டால் உடலுக்குள் வைக்கக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (நோயாளி ஒருவர்): வைத்த இடத்தில் லேசாக நீர் கசிகிறது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டேன். போதுமா?

பதில்: போதாது. இன்றே அறுவை செய்த மருத்துவரிடம் போங்கள். எலும்பு நுழையும் வழியில் கிருமியும் நுழையும். எலும்பு உள்ளே வளர்ந்துவிட்ட உலோகத்தை எடுப்பது பெரிய அறுவை. மாத்திரை போட்டுவிட்டுப் போனால், எந்தக் கிருமி என்று பரிசோதனையில் கண்டுபிடிப்பதும் கடினமாகும். இதைக் கேட்காமலே மாத்திரை வாங்குகிற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி (இன்னொருவர்): எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி (முதுநிலை மாணவர், மீண்டும்): சரி, அசைவுதான் முக்கியம் என்றால், மனிதரில் அதை எப்படி அளப்பது?

பதில்: இதற்கு முன்பே வந்திருக்க வேண்டிய கேள்வி. செல்விக் என்பவர் சுவீடனின் லுண்டில் 1974-இல் வகுத்த முறை இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள டான்டல மணிகளை எலும்பில் பதித்து, இரு கோணங்களிலிருந்து ஒரே நேரத்தில் எக்ஸ்ரே எடுத்து, மில்லிமீட்டரின் பின்ன அளவில் நகர்வைக் கணக்கிடுவார்கள். அறுவையின்போதே சில மணிகளைத் தசைநாணின் ஓரத்தில் தைத்துவிடுங்கள். உலோகத்தின் விளிம்பு எக்ஸ்ரேயில் தானே தெரியும். மறுநாள் ஒரு படம், ஆறாவது வாரம் ஒரு படம். இடைவெளி கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலை மடக்கும் பயிற்சியை எப்போது தொடங்குவது என்று முடிவெடுக்கலாம்.