தொலைநோக்கிக் கண்ணாடியின் அசைவைக் கணிக்கும் வேலை: பாறசாலைத் தாய்க்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். பிளஸ் டூ படிக்கும் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸை மறுத்துவிட்டு, விண்வெளித் தொலைநோக்கிகளின் கண்ணாடி நிலைத்தன்மையைக் கணிக்கும் வேலைக்கே போவேன் என்கிறாள்; அப்படியொரு வேலை உண்டா, அதற்காக மெக்கானிக்கல் எடுப்பது பெண்பிள்ளைக்குச் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை உண்டு. பெண்பிள்ளைக்கும் சரிப்படும்.

ஒரு மீட்டர் அலுமினியக் கம்பி ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 23 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். அது ஒளியின் அலைநீளத்தைப்போல் நாற்பது மடங்கு. ஆகவே, வெயில் எந்தப் பாகத்தை எவ்வளவு சூடேற்றும், அச்சூட்டில் கண்ணாடியைத் தாங்கும் சட்டகம் எப்படி வளையும், அந்த வளைவால் பிம்பம் எவ்வளவு கலங்கும் என்று மூன்று கணக்குகளைக் கோத்துப் பார்க்கிறார்கள். பிறகு வெற்றிட அறையில் குளிரவைத்து, அளந்து, கணக்கைத் திருத்துகிறார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஒளியியல் பகுதி 2017-இல் ஹூஸ்டனில் ஏறத்தாழ நூறு நாள் இவ்வாறு சோதிக்கப்பட்டது. நாசா திட்டமிட்டுவரும் ‘ஹேபிடபிள் வேர்ல்ட்ஸ்’ தொலைநோக்கிக்குப் பிக்கோமீட்டர் அளவில், அதாவது மீட்டரில் லட்சம் கோடியில் சில பங்கு என்ற அளவில், நிலைத்தன்மை தேவை. ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவே சுமார் நூறு பிக்கோமீட்டர்தான். தரையின் அதிர்வுக்கும் புவியீர்ப்புக்கும் நடுவே முழுக் கருவியையும் அந்த நுட்பத்தில் சோதிப்பது மிகக் கடினம் என்பதால், பாகம் பாகமாகச் சரிபார்த்த கணக்கை நம்பியே அதை அனுப்ப வேண்டியிருக்கும்.

ஒரே சோதனையை நம்பி ஏமாந்ததும் உண்டு. 1990-இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடி, விளிம்பில் சுமார் 2 மைக்ரான் பிழையோடு தேய்க்கப்பட்டிருந்தது. சோதனைக் கருவியிலேயே ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் விலகியிருந்ததுதான் காரணம். வேறு இரண்டு சோதனைகள் பிழையைக் காட்டியும், அவை நுட்பம் குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இதை எழுதும்போது, தாங்கள் குறையாக எழுதியிருந்த செய்தி எனக்கு நினைவுக்கு வந்தது. ரப்பர் பால் எடுக்கும் கடையில் பாலில் எவ்வளவு ரப்பர் உண்டு என்று காட்டும் மெட்ரோலாக் மானியின் அளவை நம்பாமல், ஒரு லிட்டர் பாலை வீட்டில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட்டை உலர்த்தி எடைபோட்டு ஒப்பிட்டாள் என்றீர்களே, அது பிடிவாதம் அன்று அம்மா. ஓர் அளவை மற்றோர் அளவால் சோதிக்கும் அந்தக் குணம்தான் இத்துறைக்கு வேண்டும்; அதைக் கல்லூரியில் கற்பிப்பது எளிதல்ல.

படிப்பைப் பொறுத்தவரை, கவர்ச்சியான பெயருள்ள புதிய பட்டங்களைத் தவிர்த்து மெக்கானிக்கல் அல்லது இயற்பியலை அடிப்படையாக எடுக்கட்டும். ஒளியியலை முதுகலையில் சேர்த்துக்கொள்ளலாம். வலியமலையில் உள்ள ஐஐஎஸ்டி (இந்திய விண்வெளி அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம்) தங்களுக்கு அருகில்தான், அங்கே பி.டெக் சேர ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். அது கிடைக்காவிட்டாலும், எந்த நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தும் இஸ்ரோவின் பொறியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஒளித் தொழில்நுட்பமான ஃபோட்டானிக்ஸ் படிப்பும் உண்டு. விண்வெளி ஒளியியலில் மட்டும் நம் நாட்டில் இடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் வெப்பக் கணக்கும் நுண்ணளவையும் கற்றவர்களை வாகனத் தொழிலும் சிப் தயாரிக்கும் தொழிலும் எடுத்துக்கொள்கின்றன.

அடுத்த சனிக்கிழமை அவளை மார்த்தாண்டத்துக்கு அழைத்து வாருங்கள். கடை அளவையும் வீட்டு எடையையும் எழுதிவைத்த நோட்டையும் எடுத்து வரட்டும். அதை நான் பார்க்க வேண்டும்.