மூன்று மாதமாகியும் சைக்கிள் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்டவில்லையா?

தினமும் ஒரே வேகத்தில் மூச்சு வாங்க சைக்கிள் ஓடுவதை முதலில் விடுங்கள். மூன்று மாதமாக மட்டக்களப்பு கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை அப்படித்தான் போய்வருகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் கால் ஆறுவதுமில்லை, முழுப் பலத்தைக் கேட்கும் அளவுக்கு உந்துவதுமில்லை.

1. கிழமையில் ஒரு நாள் மட்டும் கடினம். 15 நிமிடம் மெதுவாக ஓடி, பிறகு 3 நிமிடம் வலுவாக, 3 நிமிடம் ஆறுதலாக, ஐந்து தடவை. காத்தான்குடி சனநெரிசலுக்குள் வேண்டாம், ஆரையம்பதி தாண்டியதும் தொடங்குங்கள்.

2. மற்ற நாட்களில் முழு வசனமாகப் பேசக்கூடிய வேகம் போதும். ஆரம்பத்தில் வெட்கமாகத்தான் இருக்கும், பள்ளிப் பிள்ளைகள்கூட முந்துவார்கள்.

நம் ஊர் ரோடு சமதரை என்பதால் பாரமான கியரிலேயே அழுத்தும் பழக்கம் வந்துவிடும். உங்களுக்கும் அதுதானோ என்று நினைக்கிறேன். வலது முழங்கால் 30 செக்கனில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 40க்குக் கீழே என்றால் ஒரு கியர் இலகுவாக்குங்கள். அப்படியே ரயர் காற்றையும் பாருங்கள்.

ஒன்று, 20இலிருந்து 25க்குப் போக, காற்றை எதிர்க்க மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வலு வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் மீற்றரைப் பார்த்து மனம் உடையாதீர்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி, டொக்டரிடம் காட்டுங்கள்.