நோன்பும் இரண்டு மணிச் சோர்வும்

மதிப்பிற்குரிய ஐயா,

அஸ்ஸலாமு அலைக்கும். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இன்னும் மூன்று வாரத்தில் ரமலான். ஆவலாகத்தான் இருக்கிறது, கூடவே பயமும். நோன்பு நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் எனக்கு எதுவும் ஓடுவதில்லை. ஒரே மின்னஞ்சலை மூன்று தடவை படிக்கிறேன். மற்ற நாட்களில் நாலு காப்பி குடிக்கிறவன், அதனால் முதல் வாரம் தலைவலி வேறு. நோன்பு வைத்தால் மூளை கூர்மையாகும், வேலைத்திறன் கூடும் என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் வருகின்றன. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் நோன்போடு ஆடவில்லையா என்று நண்பர் கேட்கிறார். எனக்கு மட்டும் ஏன் இப்படி? என் ஈமானில், இறைநம்பிக்கையில்தான் குறையா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புச் சகோதரருக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஈமானில் குறை எதுவும் இல்லை. நோயாளியும் பயணியும் நோன்பை வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கும் குர்ஆனின் அல் பகரா அத்தியாயம் 185ஆம் வசனத்திலேயே, அல்லாஹ் உங்களுக்கு எளிதையே நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை என்று வருகிறது. நோன்பில் உடல் தளரும் என்பது அதைக் கடமையாக்கியவனுக்குத் தெரியாததல்ல.

ஆனால் இரண்டு மணிக்கு உங்களைச் சாய்ப்பது பசி என்று நான் நினைக்கவில்லை. விடியலுக்கு முன் சஹரில் சாப்பிட்டது சில மணி நேரம் தாங்கும். அது தீர்ந்ததும் கல்லீரல் தான் சேமித்து வைத்த கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக ரத்தத்தில் விடுகிறது. உடல் கொழுப்பையும் எரிக்கத் தொடங்குகிறது. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்குப் பதின்மூன்று, பதினான்கு மணி நேர நோன்பில் மூளை பட்டினி கிடப்பதில்லை. (நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்களின் கதை வேறு. அவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.)

உங்கள் இரவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வீடு வரப் பத்தரை ஆகிறது என்று வையுங்கள். கொஞ்சம் சாப்பிட்டு, பேசி, போனைப் பார்த்துப் படுக்கும்போது பன்னிரண்டு. நாலு மணிக்கு அலாரம். ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கண்ணயர்ந்தால் இன்னொரு மணி நேரம், அதுவும் அரைத்தூக்கம். இப்படி நாலைந்து நாள் போனால், மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிறவர்கூட ஒரே மின்னஞ்சலை மூன்று தடவை படிப்பார். அதோடு, மதியத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் உடல் கடிகாரம் இறங்குவது யாருக்கும் இயல்பு. மற்ற மாதங்களில் அந்த இறக்கத்தைக் காப்பி மறைத்துவிடுகிறது, ரமலானில் அது வெளியே தெரிகிறது. தண்ணீர் குறைவதும் சேர்ந்தால் கவனம் இன்னும் தளரும்.

தலைவலியும் அந்தக் காப்பியால்தான். காஃபீன் பழகிய உடலில், கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஒரு வாரம்வரை படுத்திவிட்டு அடங்கும்.

ஒலாஜுவான் விஷயம் உண்மைதான். 1995 பிப்ரவரியில் ரமலான் வந்தது, அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவர் நோன்போடுதான் வென்றார். எனக்கும் அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அமெரிக்காவில் பிப்ரவரியில் பகல் குறுகியது, ஆட்டங்களில் பெரும்பாலானவை இரவில் நடப்பவை. அதைக் காட்டி உங்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

வாட்ஸ்அப் செய்திகள்தான் எனக்கு வருத்தம் தருகின்றன. 1960இல் துனீசிய அதிபர் ஹபீப் புர்கிபா, வறுமையை எதிர்த்து நாட்டைக் கட்டுவதும் ஒரு ஜிஹாத், அதற்காக உழைப்பவர்கள் நோன்பை விடலாம் என்று பேசினார். மார்க்க அறிஞர்கள் ஏற்கவில்லை. நோன்பால் உற்பத்தி குறையும், அதனால் விடுங்கள் என்றார் அவர். நோன்பால் உற்பத்தி கூடும், அதனால் வையுங்கள் என்கின்றன இந்தச் செய்திகள். இரண்டுமே நோன்பை ஒரே தராசில்தான் நிறுக்கின்றன. அந்தத் தராசில் நோன்பை ஏற்றவே கூடாது என்பது என் கட்சி. இறையச்சத்துக்காக என்றுதான் குர்ஆன் சொல்கிறது. அலுவலகத்தில் கொஞ்சம் குறைவாக முடித்தாலும் அது நோன்புதான்.

குறையும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. ரமலான் சூரிய ஆண்டில் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்வதால், ஒரே ஊரில்கூட நோன்பின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இந்த மாற்றத்தை வைத்து ஃபிலிப்பே கம்பான்டே, டேவிட் யானகிசாவா-டிராட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோன்பு நேரம் நீளும்போது முஸ்லிம் நாடுகளில் பொருளாதார வளர்ச்சி குறைகிறது, அதே சமயம் அங்குள்ள முஸ்லிம்கள் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்வது கூடுகிறது என்று கண்டார்கள். இரண்டாவது பாதியை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். சம்பளம் வாங்குகிறோம், நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம் அது, ஒப்பேற்ற முடியாது. யோசித்துச் செய்ய வேண்டியதையெல்லாம் காலையிலேயே முடித்துவிடுங்கள். லுஹர் என்ற மதியத் தொழுகைக்குப் பிறகு இருபது நிமிடம் கைலூலா என்ற குட்டி உறக்கம் கிடைத்தால் விடாதீர்கள். தூக்கம் கெடுகிறதே என்று சஹரை மட்டும் தவிர்க்க வேண்டாம். தராவீஹ் முடிந்ததும் போனை எடுக்காமல் படுத்தாலே ஒரு மணி நேரம் மிச்சமாகும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ரமலானில் தினம் இரண்டு மணி நேரம் வேலை குறைப்பு என்பது சட்டம். உங்கள் இடத்தில் அப்படி இல்லையென்றால் மேலாளரிடம் பேசுங்கள். சலுகையாகக் கேட்க வேண்டாம், காலையில் சீக்கிரம் வந்து மாலையில் சீக்கிரம் கிளம்புகிறேன், மூன்று மணிக் கூட்டத்தைப் பதினொன்றுக்கு வைக்கலாமா என்று கேளுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், நாலு காப்பியை இந்த வாரமே மூன்றாக்குங்கள், அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்த வாரம் ஒன்று.