பேஸ்பால் ஆடும் பையன், பாட்டு டீச்சர் அம்மா, சாப்பாட்டுப் பிரியர் அப்பா: மும்பையில் மூன்று நாளை எப்படிப் பிரிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நியூ ஜெர்சியிலிருந்து உங்கள் அக்கா குடும்பம் டிசம்பர் விடுமுறையில் வருகிறது. அக்கா மகன் பேஸ்பால் ஆடுகிறவன், மகள் கிட்டார் கற்றுக்கொள்கிறாள். திருச்சியிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். அம்மா பாட்டு டீச்சர். அப்பாவுக்கு வாய்க்கு ருசியாகச் சாப்பாடு அமைந்தால் போதும். கையில் இருப்பது மூன்று நாள். மும்பையில் எங்கெங்கே போவது?

எங்கே என்பதை அப்புறம் பார்க்கலாம். எந்தக் கிழமை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான் சயானில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் யார் வந்தாலும் சுற்றிக் காட்டுவது நான்தான், ஆசையாகச் செய்கிற வேலை அது. வந்தவர்களைச் சலிக்க வைப்பவை இரண்டு: பூட்டிக் கிடக்கும் கடை, டாக்சிக்குள் கழியும் மத்தியானம். முதல் நாள் மைதானம், இரண்டாம் நாள் சாப்பாடு, மூன்றாம் நாள் வாத்தியக் கடை என்று ஆசைவாரியாகப் பிரித்தால் தினமும் ஒருவருக்குத்தான் திருவிழா. மற்றவர்கள் கூடவே நடந்து களைத்துப்போவார்கள். அதனால் ஒரு நாளைக்கு ஒரே பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாட்டுங்கா, சனிக்கிழமை தோபி தலாவ், ஞாயிற்றுக்கிழமை தாதர்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தோபி தலாவ், கால்பாதேவி, கோட்டைப் பக்கத்துக் கடைகள் பல ஞாயிறு மூடிவிடும். ஆனால் மைதானங்களில் ஆட்டம் களைகட்டுவது சனியும் ஞாயிறும்தான். கடையும் திறந்திருக்க வேண்டும், ஆட்டமும் நடக்க வேண்டும் என்றால் சனிக்கிழமையை விட்டால் வழியில்லை. தாதர் கடைத்தெருவில் பல கடைகளுக்கு வார விடுமுறை திங்கள், ஞாயிறு ஜேஜே என்று இருக்கும். மாட்டுங்காவின் பழைய உணவகங்களிலும் சிலவற்றுக்குத் திங்கள்தான் விடுமுறை. ஆகவே திங்கட்கிழமையை ஊர் திரும்புவதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

தங்குவதற்கு கொலாபாவைத் தேடாதீர்கள். தாதர் அல்லது மாட்டுங்கா பக்கம் அறை பாருங்கள். வெஸ்டர்ன் லைனும் சென்ட்ரல் லைனும் சந்திக்கிற இடம் தாதர். 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்த மூன்றாம் மெட்ரோ, விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலிருந்து தாதர் வழியாகத் தெற்கு மும்பைக்குப் போகிறது. வயதானவர்களை லோக்கல் ரயில் கூட்டத்தில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. தாதரில் மெட்ரோ ஏறி கால்பாதேவியில் இறங்கினால் தோபி தலாவ் பக்கத்திலேயே இருக்கிறது.

பேஸ்பால் விஷயத்தில் பையனிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுங்கள். மும்பையில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பேஸ்பால் ஆட்டம் கிடையாது. மும்பை கோப்ராஸ் என்று ஒரு அணி இருக்கிறது, ஆனால் அது ஆடுவது துபாயில். அவனுக்குச் சொல்ல நல்ல கதை ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு இளைஞர்கள், 2008-ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் கண்டெடுக்கப்பட்டு, அதே வருடம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். பேஸ்பால் பந்தைக் கையில் பிடித்தே பழகாதவர்கள். பையன் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு வந்தால் இங்கே கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

இனி சனிக்கிழமை. மூன்று நாளில் இதுதான் முக்கியமான நாள், நிதானமாகப் போங்கள். மெட்ரோ சினிமாவுக்கு எதிரே ஜெர் மஹால் என்று ஒரு பழைய கட்டடம். அங்கேதான் 1904-ல் தொடங்கிய கயானி இரானி ஓட்டல் இருக்கிறது. காலை பத்து மணிக்குப் போய் பன் மஸ்காவும் (வெண்ணெய் தடவிய பன்) இரானி சாயும் சொல்லுங்கள். மாவா கேக்கில் முட்டை உண்டு. அப்பா சுத்த சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், பன் மஸ்காவே அவருக்குப் போதும். அதே ஜெர் மஹாலில் ஃபர்டாடோஸ் இசைக்கடை. 1865-ல் தொடங்கிய நிறுவனம். பியானோ, கிட்டார், வயலின், மேற்கத்திய இசைக்கான சுரக்குறிப்புப் புத்தகங்கள் எல்லாம் உண்டு. உங்கள் அக்கா மகளை அங்கே விட்டுவிட்டு ஒரு மணி நேரம் அவசரப்படுத்தாதீர்கள். வாங்க வேண்டும் என்பதில்லை, நாலைந்து கிட்டாரை எடுத்து மீட்டிப் பார்க்கட்டும்.

அந்தக் கடை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். தோபி தலாவ் கோவாக்காரர்களின் பேட்டை. வேலை தேடி பம்பாய் வந்தவர்கள் தங்குவதற்கு ஊர் ஊராகச் சங்கம் வைத்து நடத்திய அறைகள் ஜெர் மஹாலிலேயே இருக்கின்றன. வயலினும் டிரம்பெட்டும் வாசித்த கோவா இசைக்கலைஞர்கள்தான் பழைய இந்தி சினிமாவின் வாத்தியக் குழுக்களை நிரப்பினார்கள். இசையமைப்பாளர்கள் சங்கர் ஜெய்கிஷனின் பாட்டுகளுக்கு வாத்தியக் கோர்வை எழுதிய செபாஸ்டியன் டிசோசாவும் கோவாக்காரர்தான். உங்கள் அம்மா அந்தப் பாட்டுகளை ரேடியோவில் கேட்டிருப்பார், பேத்திக்கு அவரே பாடிக் காட்டலாம்.

பையனை அதே முக்கில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைகளுக்குக் கூட்டிப் போங்கள். என் சித்தப்பாவின் பேரன் ஒருவனும் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுகிறவன். இங்கே ஒரு கடையில் சீசன் பாலை, அதாவது கெட்டித் தோல் கிரிக்கெட் பந்தை எடுத்து, பழக்கதோஷத்தில் இரண்டு விரலையும் தையலுக்குக் குறுக்கே வைத்துப் பிடித்தான். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் பந்தை அவன் கைக்குள்ளேயே திருப்பி, தையல் இரண்டு விரலுக்கும் நடுவே நேராக நிற்கிற மாதிரி வைத்துக் கொடுத்தார். பேஸ்பால் 145 கிராம் சுமார், இது 160 கிராம் சுமார். தோல் இன்னும் கெட்டி, தையல் மேடாக விரலில் இடறும். ஃபீல்டிங்கில் கீப்பரைத் தவிர யாருக்கும் கையுறை இல்லை என்று சொன்னதும் அவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். ஒரு சீசன் பால் வாங்கிக் கொடுங்கள். இந்த ஊரிலிருந்து அவன் கொண்டுபோக அதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு கால்பாதேவி தாக்கர் போஜனாலயா. 1945-லிருந்து நடக்கிற குஜராத்தி தாலிக் கடை. மாடி ஏற வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் மெதுவாக ஏற்றுங்கள். நெய் தடவிய புல்கா ஒவ்வொன்றாகச் சூடாக வந்து விழும். அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை: காலையில் கயானியில் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

மூன்று மணிக்கு ஆசாத் மைதானம். டிக்கெட் இல்லை, வாசலில் சோதனை இல்லை. ஒரே திடலில் அத்தனை பிட்ச். ஒரு ஆட்டத்தின் தேர்டு மேன் அடுத்த ஆட்டத்தின் மிட் ஆனுக்குப் பக்கத்திலேயே, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பக்கத்து ஆட்டத்துப் பந்து உருண்டு வந்தால் எடுத்து எறிந்துவிட்டுத் தன் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவார். யாரும் குழம்பமாட்டார்கள். 1988 பிப்ரவரியில் சச்சினும் காம்ப்ளியும் ஹாரிஸ் ஷீல்டு பள்ளி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 664 ரன் சேர்த்தது இந்த மைதானத்தில்தான். சச்சினுக்கு அப்போது 14 வயது. உங்கள் அக்கா மகனுக்கும் அதே வயது என்றால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வான்கடே கிரிக்கெட் ஸ்டேடியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐபிஎல் நடப்பது மார்ச் கடைசியிலிருந்து மே வரை, டிசம்பரில் வருபவர்களுக்கு அது இல்லை. உள்நாட்டு ஆட்டம் ஏதாவது மும்பையில் இருந்தால் போகலாம், பெரும்பாலும் கட்டணம் இருக்காது. எப்போதாவது பெரிய ஆட்டத்துக்குப் போனால் கைப்பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் எதையும் எடுத்துப் போகாதீர்கள், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று: பேஸ்பாலில் கூட்டத்துக்குள் வந்து விழுகிற பந்து பிடித்தவருக்குச் சொந்தம். இங்கே திருப்பி எறிந்தாக வேண்டும். பையன் பையில் போட்டுக்கொள்ளப் போகிறான், சொல்லி வையுங்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும் சர்ச்கேட்டிலிருந்து மரீன் லைன்ஸ் போகிற ரயிலில் இடப்பக்கம் நின்றால் ஸ்டேடியம் தெரியும்.

பழைய பயணக் குறிப்புகளில் காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் இசைத்தட்டுக் கடை இன்னும் இருக்கும். 2016-லேயே மூடிவிட்டார்கள். பாவம், எத்தனையோ பேர் தேடிக்கொண்டு போய்த் திரும்புகிறார்கள்.

ஞாயிறு தாதர். காலையிலேயே சிவாஜி பார்க் போய்விடுங்கள், வலைக்குள் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிற நேரம். சச்சினுக்குக் கற்றுக்கொடுத்த ரமாகாந்த் ஆச்ரேக்கரின் நினைவுச்சின்னம் 2024 டிசம்பரில் ஐந்தாம் வாசலில் திறக்கப்பட்டது. ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சச்சினை அவுட் ஆக்குகிற பையனுக்கு அது, யாரும் அவுட் ஆக்காவிட்டால் சச்சினுக்கே என்று பயிற்சி கொடுத்தவர் அவர். அங்கிருந்து நடந்தால் ஆஸ்வாத் என்ற மராட்டிச் சிற்றுண்டிக் கடை. தாலிபீட், சாபுதானா வடை, மிசல் மூன்றையும் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மிசல் காரம், அமெரிக்காப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் தயிர் வேண்டும்.

தாதர் அம்மாவுக்கான நாள். 1925-ல் தொடங்கிய ஹரிபாவ் விஸ்வநாத் ஹார்மோனியத்துக்குப் பேர்போன கடை, அம்மாவை அங்கே கூட்டிப்போங்கள். தாதரில் தம்புரா பார்க்கும்போது மிரஜ் தம்புராவைக் கேட்கச் சொல்லுங்கள். நம் தஞ்சாவூர்த் தம்புராவின் குடம் பலாமரம், மிரஜ் தம்புராவுக்குக் காய்ந்த சுரைக்குடம். எடை குறைவு, நாதம் வேறு மாதிரி விரியும். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் தந்திக்கு அடியில் நூலைச் செருகி மயிரிழை நகர்த்தினால், மொட்டையாக இருந்த ஒலி ஓரிடத்தில் சட்டென்று ரீங்காரம் எடுக்கும். பாட்டு டீச்சருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பேத்தியின் கையில் நூலைக் கொடுத்து அவளையே நகர்த்தச் சொல்லட்டும். கிட்டார் பெண்ணுக்கு அது உடனே புரியும். வாங்குவதாக இருந்தால் கெட்டியான பெட்டியில் அடைத்து பார்சல் அனுப்பச் சொல்லுங்கள். சுரைக்குடம் விமானச் சரக்கில் தாங்காது. வீணை வாங்கும் எண்ணம் இருந்தால் அதை இங்கே வாங்காதீர்கள். திருச்சியில் இருந்துகொண்டு தஞ்சாவூர் வீணைக்கு மும்பை எதற்கு?

வெள்ளிக்கிழமை மாட்டுங்காவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊர் மாதிரிதான் இருக்கும். காலை டிபன் கஃபே மெட்ராஸ் அல்லது ராம் ஆஸ்ரயா, அங்கே அன்னாசிப்பழக் கேசரி கிடைத்தால் விடாதீர்கள். மத்தியானம் ஸ்டேஷன் பக்கத்து மாடியில் ராம நாயக் போர்டிங், 1942-லிருந்து இலை போடுகிறார்கள். உடுப்பிச் சமையல், சாம்பாரில் லேசாக வெல்லம் இருக்கும், அப்பாவிடம் முன்பே சொல்லிவிட்டால் ரசித்துச் சாப்பிடுவார். பூக்கடைத் தெரு, ஆஸ்திக சமாஜம் கோயில், பக்கத்தில் கிரி டிரேடிங்கில் சுருதிப்பெட்டியும் பாட்டுப் புத்தகமும். சாயங்காலம் கச்சேரி இருந்தால் ஷண்முகானந்தா ஹால். 1990-ல் தீ விபத்தில் எரிந்து, 1998-ல் மறுபடி திறந்த அரங்கம். 2,700-க்கும் மேல் இருக்கைகள். மேல் மாடியில் டிக்கெட் எடுக்காதீர்கள், படிகள் ஜாஸ்தி.

ஞாயிறு பகலில் லோக்கல் ரயில் என்றால், பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்துகிற மெகா பிளாக் எந்த லைனில் என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். தேதி உறுதியானதும் இங்கேயே எழுதுங்கள். அந்த வாரம் ஷண்முகானந்தாவில் யார் கச்சேரி, கிரிக்கெட் ஆட்டம் எங்கே என்று பார்த்துச் சொல்கிறேன்.